அரசுச் சரக்குக்கு ஜாமீன் யார்?

கேள்வி: அமெரிக்காவில் யூட்டா மாநிலச் சிற்றூர் ஒன்றில் என் மைத்துனர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அங்கேயே அரசு மதுவை விற்கும் ‘பேக்கேஜ் ஏஜென்சி’ எடுக்கப் பார்க்கிறார். ஜாமீன் பத்திரம் கேட்கிறார்களாம். இது இன்ஷூரன்ஸ் மாதிரிதானே? (வாசகர், மதுரை)

பதில்: இல்லவே இல்லை. இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டியவரைக் காப்பது. இந்தப் பத்திரம் அரசைக் காப்பது. பிரீமியம் மட்டும் உங்கள் மைத்துனர் தலையில்.

யூட்டாவில் 5 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள பீரை மளிகைக் கடையே விற்கலாம். அதைவிடக் காட்டமான பீர், ஒயின், விஸ்கி எல்லாம் அரசு வழியாகத்தான். அரசே கடை திறக்கக் கட்டுப்படியாகாத ஊர்களில் தனியாருடன் ஒப்பந்தம் போடுவார்கள். சரக்கு கன்சைன்மென்ட்டில், அதாவது விற்ற பிறகு பணம் கட்டும் முறையில் வந்தால், விற்கும்வரை அது அரசின் சொத்து. அதற்கும் விற்ற பணத்துக்கும் ஈடாகத்தான் பத்திரம். கன்சைன்மென்ட் கணக்கில் எவ்வளவு நிலுவையோ, அவ்வளவு தொகைக்கு அது இருக்க வேண்டும்.

தணிக்கையில் 8,000 டாலர் குறைகிறது, அவரால் கட்ட முடியவில்லை என்று வையுங்கள். பத்திரம் எழுதிக் கொடுத்த ஜாமீன் நிறுவனம் அரசுக்குக் கொடுத்துவிடும். அதோடு முடியாது. கொடுத்த தொகையையும் வக்கீல் செலவையும் அவரிடமே வசூலிக்கும். பத்திரத்தோடு கையெழுத்து வாங்கும் ஈட்டுறுதி ஒப்பந்தம் அதற்காகத்தான். கடை எல்எல்சி (உரிமையாளரின் பொறுப்பை வரம்புக்குள் வைக்கும் நிறுவன வகை) பெயரில் இருந்தாலும் உரிமையாளரின் சொந்த உத்தரவாதத்தையும், பல நேரம் மனைவியின் கையெழுத்தையும் கேட்பார்கள். வீடு, சேமிப்பு எல்லாம் அதில் மாட்டும். அந்தத் தாளை வரிவரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று கட்டாயம் சொல்லுங்கள். திருட்டு, தீ விபத்துக்குத் தனி பாலிசி வேண்டும்.

கேள்வி: செலவு எவ்வளவு ஆகும்? ரொக்கமாகக் கட்டிவிடலாமா? (அதே வாசகர்)

பதில்: கிரெடிட் ஸ்கோர் நன்றாக இருந்தால் வழக்கமாகப் பத்திரத் தொகையில் ஆண்டுக்கு 1 முதல் 3 சதவீதம். 60,000 டாலர் பத்திரத்துக்கு 600 முதல் 1,800 டாலர்; இது திரும்பி வராது. ஸ்கோர் மோசமென்றால் இதைப்போல் சில மடங்கு ஆகலாம். ரொக்கமாகவும் ஈடு கட்டலாம், ஆனால் ஒப்பந்தம் முடியும்வரை அந்தப் பணம் முடங்கிவிடும். சின்னக் கடைக்குக் கைமுதல் அவசியம் என்பதால் பத்திரமே மேல்.

கேள்வி: பத்திரம் எதனால் திருப்பி அனுப்பப்படுகிறது? (வாசகி, நாமக்கல்)

பதில்: பெரும்பாலும் பெயரால். ஒப்பந்தத்தில் எல்எல்சி, பத்திரத்தில் உரிமையாளர் என்றிருந்தால் செல்லாது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஜாமீன் நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட்டவருக்கான அதிகாரப் பத்திரத்தை இணைக்க மறப்பது அடுத்தது. மாநில மதுத் துறை தரும் படிவத்தை விட்டு ஏஜென்ட் கையில் இருக்கும் பொதுப் படிவத்தில் எழுதுவதும் உண்டு.

பிறகு வரும் சிக்கல் பண்டிகைக் காலம். டிசம்பருக்காகச் சரக்கைக் கூட்டினால் நிலுவை பத்திரத் தொகையைத் தாண்டும். ஆர்டர் போடுவதற்குச் சில வாரம் முன்பே தொகையை உயர்த்தும் இணைப்புத் தாளை வாங்கிவிட வேண்டும்.

ஏஜென்சியை விடும்போது சரக்கு எண்ணி, கணக்கு தீர்ந்ததும் துறையிடம் விடுவிப்புக் கடிதம் வாங்கி ஜாமீன் நிறுவனத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அது போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆண்டும் பிரீமியம் பில் வரும்.