சென்னையிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? விமானப் பயணக் கேள்வி பதில்

தாம்பரம் வாசகர்: சென்னை–சிங்கப்பூர் தூரம் ஓரிடத்தில் 2,920, இன்னோரிடத்தில் 1,577 என்று இருக்கிறது. எது சரி சார்?

இரண்டும் சரிதான். முதலாவது கிலோமீட்டர், அடுத்தது நாட்டிக்கல் மைல் (ஒன்றுக்கு 1.852 கி.மீ.). மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வரை உருண்டைப் பூமியின் மேல் நூல் பிடித்தால் வரும் தூரம் இது. விமானம் வகுத்த வான்தடத்தில் போவதால் நிஜத்தில் கொஞ்சம் கூடும்.

வேளச்சேரி வாசகர்: மணிக்கு 830 கி.மீ. வேகம் என்றால் மூன்றரை மணி நேரம்தானே ஆகும்? டிக்கெட்டில் 4 மணி 15 நிமிடம் என்கிறார்களே?

830 என்பது மேலே சீராகப் பறக்கும்போது உள்ள வேகம். டிக்கெட் நேரமோ, இங்கே சக்கரக் கட்டையை எடுத்து விமானம் நகர்வதிலிருந்து அங்கே கட்டை வைக்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்வது, வரிசையில் நிற்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

மனக்கணக்குக்கு ஒரு வழி: கி.மீட்டரை 800ஆல் வகுத்து 35 நிமிடம் கூட்டுங்கள். டெல்லி 1,760 கி.மீ., 2 மணி 12 நிமிடம், கூட்டினால் 2 மணி 47. மதுரைக்கு (415 கி.மீ.) இந்தக் கணக்கு உதைக்கும், 66 நிமிடம்தான் காட்டும். குட்டித் தூரத்தில் வேகம் பிடித்துக் கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடுவார்கள், அதனால் இன்னொரு 10 நிமிடம் சேருங்கள். விசிறி வைத்த சிறிய ஏடிஆர் விமானம் என்றால் 800க்குப் பதில் 500ஆல் வகுக்க வேண்டும்.

பெரம்பூர் வாசகர்: டிக்கெட்டில் உள்ள வருகை நேரத்திலிருந்து புறப்பாட்டு நேரத்தைக் கழித்தால், சிங்கப்பூர் போக ஆறே முக்கால் மணி, திரும்ப ஒன்றே முக்கால் மணியா?

டிக்கெட்டில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால். இரவு 11.30க்குக் கிளம்பி 4 மணி 15 நிமிடம் பறந்தால் நம் கடிகாரத்தில் 3.45, அங்கே காலை 6.15. அழைத்துப்போக வருகிறவரிடம் சொல்ல வேண்டியது இந்த 6.15. தேதியும் மாறியிருக்கும், அதில்தான் பலர் தவறுகிறார்கள். கொழும்புக்கு இந்தத் தொல்லை இல்லை, நம் நேரமேதான்.

அண்ணா நகர் வாசகர்: துபாயும் ஏறக்குறைய அதே தூரம். ஆனால் திரும்பும்போது சீக்கிரம் வருகிறதே?

துபாய் சுமார் 2,930 கி.மீ. குளிர்காலத்தில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று வீசும். போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளும். அரை மணி வரைகூட மிச்சமாகும்.

ஆவடி வாசகர்: ஜனவரியில் மதுரையிலிருந்து சென்னை வந்து சிங்கப்பூர் விமானம் பிடிக்க வேண்டும். இரண்டு தனி டிக்கெட். 2 மணி நேர இடைவெளி போதுமா?

போதவே போதாது. தனி டிக்கெட் என்றால் பெட்டியை நீங்களே எடுத்து, உள்நாட்டு முனையத்திலிருந்து (1 அல்லது 4) பன்னாட்டு முனையம் 2க்கு நடந்து, மறுபடி பெட்டியைப் போட வேண்டும். கவுன்டரோ புறப்பாட்டுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். மதுரை விமானம் தாமதமாகி அதைத் தவறவிட்டால், தனி டிக்கெட் என்பதால் மாற்று ஏற்பாடு உங்கள் பொறுப்பு. குறைந்தது 4 மணி நேரம் விடுங்கள். போகியன்று காலை மட்டும் வேண்டாம். டயர் எரித்த புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதையை மறைத்து, சென்னை விமானங்களைப் பெங்களூருக்குத் திருப்பிய ஆண்டுகள் உண்டு. முதல் நாள் மாலையே வந்துவிடுங்கள்.