கிணற்று மண்ணில் பச்சைக் கல் கிடைத்தால் விற்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். மேலூர் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் புஞ்சை இருக்கிறது. பட்டா அப்பா பெயரில்தான் இருக்கிறது, அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் கிணற்றை ஆழப்படுத்தியபோது வெளியே கொட்டிய சரளையில் பச்சைக் கற்கள் கிடந்தன. மழைக்குப் பிறகு பக்கத்து ஓடையிலும் தம்பி ஒரு பை நிறையப் பொறுக்கி வைத்திருக்கிறான். வெளியூர்த் தரகர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இது மரகதம், 40,000 ரூபாய் தருகிறேன், மூன்று வருடம் தோண்டிக்கொள்ள முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். தம்பியோ கரூரில் நேரடியாக விற்றுவிடலாம் என்கிறான். எங்கள் நிலத்துக் கல் எங்களுக்குத்தானே சொந்தம்? கேஸ் ஏதும் வருமா?

பதில்: முதலில் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

1957ஆம் ஆண்டு சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, அரசின் குத்தகை ஆணை இல்லாமல் யாரும் கனிமம் தோண்டக் கூடாது, பட்டாதாரரும்தான். மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறையும், ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வண்டியையும் கருவிகளையும் பறிமுதல் செய்யலாம். தோண்டுவது தரகராக இருக்கும், தாளில் இருப்பது உங்கள் பெயர். வண்டி பிடிபட்ட அன்று அவர் போனை எடுக்க மாட்டார். அதிகாரிகள் புல எண்ணைப் பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். பேசிய பணத்தை அவர் தராமல் போனாலும் நீங்கள் கோர்ட்டுக்குப் போக முடியாது. சட்டவிரோத நோக்கத்துக்காகப் போட்ட ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவின்படி செல்லாது. மேலூர்ப் பக்கத்துச் சட்டவிரோத கிரானைட் குவாரி விவகாரத்தை ஊரிலேயே இருந்து பார்த்தவர்கள் நீங்கள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சொந்தமா என்று கேட்டீர்கள். 2013இல் திரேசியம்மா ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலத்தடி வளம் பொதுவாக நிலத்தின் உரிமையாளருக்கே உரியது, முறையான வழியில் அவரிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தால் தவிர, என்று சொன்னது. உரிமை இருக்கிறது என்பதும் தோண்டி எடுத்து விற்கலாம் என்பதும் ஒன்றல்ல. தோண்ட அனுமதி வேண்டும். இந்த வித்தியாசத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கிணறு வெட்டியது பற்றிப் பயப்பட வேண்டாம். கனிமம் எடுக்கும் நோக்கத்தோடு செய்வதைத்தான் சட்டம் சுரங்க வேலை என்கிறது. நீங்கள் தண்ணீருக்காகத் தோண்டினீர்கள், கல் தானாக வந்தது. ஆனால் கல்லுக்காக இன்னும் நாலடி இறக்கலாம் என்று நினைத்தால் அந்த நிமிடமே நிலைமை மாறிவிடும். ஓடை விஷயம் வேறு. அது பெரும்பாலும் புறம்போக்காக இருக்கும், எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் அ-பதிவேட்டைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்தால் தெரிந்துவிடும். அரசு நிலத்தில் எடுத்ததற்குத் திருட்டு வழக்கே போடலாம் என்று 2014இல் சஞ்சய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கரூர் பயணமும் இதில் சேரும். உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் கனிமத்தை வண்டியில் கொண்டுபோவதும் குவித்து வைப்பதும்கூட அதே 4ஆம் பிரிவில்தான் வருகிறது.

சரி, அது மரகதம்தானா? மீனாட்சி மேனியை மரகதப் பச்சை என்று கேட்டு வளர்ந்த நமக்குப் பச்சைக் கல் என்றாலே மரகதம்தான் மனதில் வரும். உண்மையில் பச்சையாக இருப்பவற்றில் பெரும்பாலானவை வேறு. மரகதம் பெரில் என்ற கனிமத்தின் ஒரு வகை. அதன் படிகம் ஆறு பக்கம் கொண்ட தூண் போல இருக்கும், கடினத்தன்மை பத்து வரை போகும் மோஸ் அளவில் ஏழரை முதல் எட்டு வரை. பேனாக்கத்தி முனை கீறிவிட்டால் அது மரகதம் இல்லை. கீறாவிட்டாலும் மரகதம் என்று முடிவு செய்யாதீர்கள், குவார்ட்ஸ் என்ற சாதாரண படிகக்கல்லும் கத்திக்கு மசியாது. சூரிய வெளிச்சத்தில் உள்ளே உருண்டைக் குமிழிகள் தெரிந்தால் அது உருகிய கண்ணாடி. சுத்தியலால் மட்டும் தட்டிவிடாதீர்கள், மரகதத்தில் உள்விரிசல் அதிகம், சுலபமாக உடையும். கல்லில் துளை போட்டிருந்தால் அது பழைய மணியாக இருக்கலாம். கீழடி பக்கத்தில்தானே இருக்கிறது? அப்படி இருந்தால் புதையல் சட்டம் வரும், ஆட்சியருக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், கல்லின் பெயரைப் பொறுத்துத்தான் சட்டமே மாறுகிறது. பெரில் கனிமங்களை 1957 சட்டத்தின் 2023 திருத்தம் முக்கியக் கனிமங்கள் பட்டியலில் சேர்த்துவிட்டது, அவற்றை ஏலம் விடுவது மத்திய அரசு. ஃபுக்சைட் குவார்ட்சைட் என்ற பச்சைப் பாறை 2015இல் சிறுகனிமமாக அறிவிக்கப்பட்டது, அது மாநில அரசின் கையில். சிறுகனிமமாக இருந்த குவார்ட்ஸ் 2025இல் பெருங்கனிமமாக, அதாவது மத்திய அரசு விதிகளுக்குள், மாறிவிட்டது. பெயர் தெரியாமல் யாரிடம் அனுமதி கேட்பது, எந்த விலைக்கு எதை விற்பது? தரகர் ‘மரகதம்’ என்று சொன்னதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கிணற்றுச் சரளையைக் கிளறாமல் அப்படியே விடுங்கள். இடம் தெரிகிற மாதிரி தேதியோடு படம் எடுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்கு மனு எழுதி, கல்லை ஆய்வு செய்து தரும்படி கேளுங்கள். மனு நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். நாளைக்கு யாராவது புகார் கொடுத்தால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த ஒரு முத்திரைதான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலேயே கொடுக்கலாம். ஒருவேளை அரசு அந்த இடத்தை ஏலம் விட்டால், நிலத்தின் மேற்பரப்புக்கு ஏற்படும் சேதத்துக்கு 1957 சட்டத்தின் 24-அ பிரிவில் இழப்பீடு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

மனு உங்கள் பெயரில் மட்டும் வேண்டாம். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் அம்மாவுக்கும், உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும், கட்டிக்கொடுத்த தங்கை இருந்தால் அவருக்கும், பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டாவை எல்லார் பெயருக்கும் மாற்றுங்கள். கல் கண்ணாடியாகவே இருந்தாலும் அந்த வேலை மிச்சம் இருக்கிறது.

ஓடையில் பொறுக்கிய பையைக் கிணற்றுக் கல்லோடு கலந்துவிடாதீர்கள். விற்கவும் வேண்டாம், இனிப் பொறுக்கவும் வேண்டாம். மனுவில் அதை எப்படி எழுதுவது என்பதை, கொடுப்பதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் நேரில் காட்டி முடிவு செய்யுங்கள். தம்பியையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.