செயின்சாவின் சங்கிலியும் வீட்டுக்கு விறகும்: கேள்வி பதில்

ஒன்ராறியோவில் ரொறன்ரோவை விட்டு வடக்கேயும் கிழக்கேயும் காணியோடு வீடு வாங்கிக் குடியேறும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு விறகு அடுப்பு புதிய அனுபவமாக இருக்கிறது. எரிவாயுக் குழாய் வராத ஊர்களில் புரொப்பேனுக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவைப் பார்த்தபின், காணியில் விழுந்து கிடக்கும் மரத்தைத் தாமே வெட்டிப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது. நான் நெடுங்காலமாக விறகினாலேயே வீட்டைச் சூடாக்கி வருபவன். சிறு இயந்திரங்கள் திருத்தும் கடையில் சங்கிலி தீட்டும் வேலையும் பார்த்தவன். வந்த கேள்விகளுக்கு எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றைப் பதிலாக எழுதுகிறேன்.

கேள்வி (லின்ட்சே): அண்ணா, சென்ற ஆண்டு வாங்கிய செயின்சா இப்போது மரத்தில் இறங்க மறுக்கிறது. அழுத்தினால் புகை வருகிறது. புதுச் சங்கிலி வாங்க வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். வேறு வழி இல்லையா?

பதில்: இருக்கிறது தம்பி. முதலில், வாளிலிருந்து விழுவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். கூரான சங்கிலி மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கிய சங்கிலி அரிசி மாவைப் போன்ற தூளைத்தான் கொட்டும். அடுத்து, இயந்திரத்தை நிறுத்தி, கையுறை அணிந்து, ஒரு பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேல் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடாக ஒளி பட்டுத் தெறித்தால் அந்த விளிம்பு மழுங்கியிருக்கிறது என்று பொருள். கூரான விளிம்பில் ஒளி தங்குவதற்கு இடமே இராது.

இதற்கு வேண்டியது ஒரு வட்ட அரம், அதைப் பிடித்து வைக்கும் ஒரு வழிகாட்டி, ஒரு தட்டை அரம், ஓர் அளவுத் தகடு ஆகியவை மட்டுமே. அரத்தின் பருமன் சங்கிலிக்குப் பொருந்த வேண்டும். வீட்டுப் பாவனைக்கான சிறிய வாள்களில் பெரும்பாலும் வரும் தாழ்ந்த வகை 3/8 சங்கிலிக்கு (இந்த எண் கண்ணிகளின் இடைவெளி, அங்குலத்தில்) 4.0 மில்லிமீற்றர் அரமும், 0.325 சங்கிலிக்கு 4.8 அரமும், முழு அளவு 3/8 சங்கிலிக்கு 5.5 அல்லது 5.2 அரமும் பொருந்தும். எதுவென்பது சங்கிலி வந்த பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடான பாரை ஒரு பிடிகருவியில் இறுக்கி நிறுத்திக்கொண்டு, பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி, பெரும்பாலான சங்கிலிகளுக்கு 30 பாகைச் சாய்வில் ராவ வேண்டும். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேற்பரப்புக்கு மேலே தெரிய வேண்டும். தள்ளும்போது மட்டும் அழுத்தி, திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். இழுக்கும்போதும் தேய்த்தால் அரம்தான் கெடும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு போதுமென்றால் எல்லாப் பல்லுக்கும் அதே மூன்று. ஒரு பக்கப் பற்கள் முழுவதையும் முடித்த பின்னரே மறுபக்கத்துக்குச் செல்லுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது, ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கும் முன்னால் நிற்கும் சிறிய மேட்டை. பல் எவ்வளவு ஆழம் மரத்தில் இறங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். பல்லை ராவ ராவ அதன் உயரம் குறைகிறது, மேடோ அப்படியே நிற்கிறது; அதனால் ஒரு கட்டத்தில் பல் கூராக இருந்தும் மரத்தைத் தொட முடியாமல் போகிறது. மூன்று நான்கு முறை தீட்டியதும் அளவுத் தகட்டை வைத்துப் பார்த்து, மேடு பல்லைவிட ஏறத்தாழ 0.65 மில்லிமீற்றர் தாழ்ந்து இருக்கும்படி தட்டை அரத்தால் ராவுங்கள். வேகம் கிடைக்கும் என்று எண்ணி அதற்குமேல் குறைக்காதீர்கள். சங்கிலி மரத்தைக் கவ்வி இழுக்கும், வாள் துள்ளும்.

பல்லின் நீளம் 4 மில்லிமீற்றருக்குக் குறைந்தாலோ, பல்லில் வெடிப்புத் தெரிந்தாலோ புதிய சங்கிலிதான் வழி. உங்களுடையதுபோல் ஓராண்டு வீட்டு வேலை மட்டும் செய்த சங்கிலிக்கு அந்த நிலை எளிதில் வராது. பெற்றோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் பற்களைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். முழுதாக மழுங்கவிட்டுத் தீட்டுவதைவிட அவ்வப்போது இரண்டு தள்ளுத் தள்ளுவது சங்கிலிக்கும் நல்லது, உங்கள் தோளுக்கும் நல்லது.

கேள்வி (ஒரிலியா): நேராக வெட்டத் தொடங்கினாலும் வெட்டு வலப்பக்கமாக வளைந்து போகிறது. கையில் பிழையா, வாளில் பிழையா?

பதில்: வாளில்தான். வலது, இடது பற்களின் நீளமோ கூர்மையோ சமமாக இல்லாவிட்டால் கூரான பக்கத்தை நோக்கி வெட்டு வளையும். வலக்கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் ராவுவது வசதியாகவும் மறுபக்கம் சிரமமாகவும் இருப்பதே பெரும்பாலும் காரணம். மிகக் குறுகிய பல்லைக் கண்டுபிடித்து மற்ற எல்லாவற்றையும் அதன் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகும் வளைந்தால் பாரின் இரு விளிம்புகளில் ஒன்று தேய்ந்திருக்கும். பாரைச் சமதளத்தில் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். சாய்ந்து நின்றால் அதுவே சான்று. சங்கிலி தீட்டும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டி வந்தால் இந்தத் தேய்மானம் சமமாகும்.

கேள்வி (பெல்வில்): மாற்றுச் சங்கிலி வாங்கப் போனேன். 16 அங்குலம் என்று கேட்டு வாங்கி வந்தது பொருந்தவில்லை. எதைச் சொல்லிக் கேட்க வேண்டும்?

பதில்: பாரின் நீளம் மட்டும் போதாது. வேண்டியவை மூன்று: கண்ணிகளின் இடைவெளி, பாரின் பள்ளத்தில் ஓடும் பகுதியின் தடிப்பு, ஓட்டும் கண்ணிகளின் எண்ணிக்கை. கண்ணிகளை இணைக்கும் தறை ஆணிகளில் அடுத்தடுத்த மூன்றுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தால் வருவது இடைவெளி. தடிப்பு 0.043, 0.050, 0.058, 0.063 அங்குலம் என வரும். இவை மூன்றும் பெரும்பாலும் பாரின் அடிப்பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்; அழுக்கைத் துடைத்துவிட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 16 அங்குலம் என்ற ஒரே பெயரில் ஓர் உற்பத்தியாளருக்கு 55 கண்ணி, இன்னொருவருக்கு 56 கண்ணி. உங்களுக்கு நேர்ந்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

பல்லின் வடிவத்தையும் பாருங்கள். முனை சதுரமாக இருக்கும் பல் சுத்தமான மரத்தில் விரைவாக வெட்டும், ஆனால் மண் பட்ட உடனே மழுங்கும். முனை உருண்ட பல் சற்று மெதுவாக வெட்டினாலும் நீண்ட நேரம் கூர் நிற்கும். நிலத்தில் கிடந்த மரத்தை வெட்டுபவருக்கு இரண்டாவதே நல்லது. இன்று நாம் பயன்படுத்தும் பல்லின் அமைப்பு, அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் மரம் வெட்டிய ஜோ கொக்ஸ் என்பவர், மரத்தைத் துளைத்துச் செல்லும் வண்டுப் புழு தன் தாடைகளை இடமும் வலமுமாக அசைத்துத் தின்பதை 1946இல் கவனித்ததிலிருந்து பிறந்தது. இடப்பல்லும் வலப்பல்லும் மாறி மாறி வருவதன் காரணம் அதுதான்.

கேள்வி (பீற்றர்பரோவுக்கு அருகில்): அண்ணா, கணவருக்கு இரவு வேலை, வார நாட்களில் நான்தான் விறகைப் பார்க்க வேண்டும். காணியில் பட்டுப்போன ஆஷ் மரங்கள் சில நிற்கின்றன, இரண்டு விழுந்து கிடக்கின்றன. நானே வெட்டலாமா?

பதில்: விழுந்து கிடப்பவற்றை வெட்டலாம் தங்கச்சி. நிற்பவற்றைத் தொட வேண்டாம். ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை வண்டு 2002இல் வின்சர், டிற்றோயிற் பகுதிகளில் கண்டுபிடிக்கப்பட்டது. அன்றிலிருந்து இந்த மாகாணத்தின் ஆஷ் மரங்களை அது அழித்து வருகிறது. அதன் புழுக்கள் பட்டைக்கு உள்ளே நீரும் சத்தும் செல்லும் பாதையைத் தின்றுவிடுவதால் மரம் நின்ற நிலையிலேயே காய்ந்து, மிக விரைவில் நொறுங்கும் தன்மையை அடைகிறது. அத்தகைய மரத்தின் அடியில் வாளை வைக்கும்போது அதிர்வில் மேலிருந்து கிளை முறிந்து விழலாம், அடிமரமே எதிர்பாராமல் பிளக்கலாம். அனுபவமுள்ள மரவெட்டிகளே அஞ்சும் வேலை அது. காப்புறுதி உள்ள மரத்தொழிலாளரை அழைத்து வீழ்த்தித் தரச் சொல்லுங்கள். துண்டு போடுவதை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

துண்டு போடும்போது அஞ்ச வேண்டியது வாளின் பின்னுதைப்பு. பாரின் நுனியில் மேற்பாதி எதிலாவது பட்டால், கண் இமைக்கும் நேரத்துக்குள் வாள் உங்கள் முகத்தை நோக்கி எழும்பும். ஆகவே நுனி எங்கே இருக்கிறது என்பதை எந்த நேரமும் அறிந்திருங்கள். முன் பிடியை இடது கைப் பெருவிரலால் சுற்றிப் பிடியுங்கள். வெட்டின் நேர்க்கோட்டில் நிற்காமல் சற்று இடப்புறம் விலகி நில்லுங்கள். தோளுக்கு மேலே வாளைத் தூக்க வேண்டாம். ஓரடி எடுத்து வைப்பதானாலும் சங்கிலித் தடையைப் போட்டுவிட்டு நடங்கள். முகத்திரையும் காதுமூடியும் உள்ள தலைக்கவசம், வெட்டுத் தடுப்புக் கால்சட்டை, உறுதியான சப்பாத்து ஆகியவை வாளோடு சேர்த்தே வாங்க வேண்டியவை. அந்தக் கால்சட்டைக்குள் இருக்கும் நீண்ட இழைகள் சங்கிலி பட்டதும் இழுபட்டுப் பற்சக்கரத்தில் சுற்றி வாளை நிறுத்திவிடும். தனியே வேலை செய்யும் நாட்களில் யாராவது ஒருவருக்குச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

வெட்டிய ஆஷ் விறகை ரொறன்ரோவிலுள்ள உறவினருக்கோ குடிசை முகாமுக்கோ கொண்டு செல்லாதீர்கள். விறகோடு வண்டும் பயணம் செய்கிறது; கனடிய உணவு ஆய்வு முகமை விறகை இடம்மாற்ற வேண்டாம் என்று தொடர்ந்து கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

கேள்வி (பரி): பழைய என்ஜின் ஒயிலைச் சங்கிலிக்கு ஊற்றலாமா? பெற்றோல் கலவை எப்படி?

பதில்: பழைய ஒயில் வேண்டவே வேண்டாம். அதில் உலோகத் துகள்கள் உண்டு. சங்கிலியிலிருந்து தெறிப்பதெல்லாம் உங்கள் மண்ணிலும் உடையிலும்தான் படியும். பாருக்கென்று விற்கும் ஒட்டும் தன்மையுள்ள ஒயிலையே ஊற்றுங்கள். ஒயில் வருகிறதா என்று பார்க்க, வாளை ஓடவிட்டுப் பாரின் நுனியை வெளிறிய மரத்துண்டு ஒன்றுக்கு நேரே, தொடாமல் பிடியுங்கள். மெல்லிய ஒயில் கோடு விழ வேண்டும். இன்றைய வாள்களில் பெரும்பாலானவற்றுக்கு 50க்கு 1 கலவை, அதாவது 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் இருவீச்சு ஒயில். வேலை முடிந்ததும் சங்கிலியின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்துங்கள். சூட்டில் நீண்ட சங்கிலி ஆறும்போது சுருங்கிப் பாரையும் தண்டையும் வருத்தும்.

கேள்வி (கிங்ஸ்ரன்): ஐயா, விறகு அடுப்பில் சீறுகிறது, கண்ணாடி ஒரே நாளில் கறுத்துவிடுகிறது. ‘காய்ந்த விறகு’ என்று சொல்லித்தான் விற்றார்கள். மூன்று ‘ஃபேஸ் கோர்டு’ வாங்கினேன்.

பதில்: விறகு ஈரம். ஈரமானியை விறகின் வெளிப்புறத்தில் வைத்தால் உண்மை தெரியாது. ஒரு துண்டைப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் குத்திப் பாருங்கள்; 20 வீதத்துக்கு மேல் காட்டினால் அது இந்த ஆண்டுக்கான விறகு அல்ல. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக நீர் இருக்கும். அந்த நீரை ஆவியாக்கவே அடுப்பின் வெப்பம் செலவாகிறது, நெருப்புத் தணிகிறது, முழுதாக எரியாத புகை குளிர்ந்த புகைபோக்கியின் சுவரில் தாராகப் படிகிறது. அந்தப் படிவு தீப்பற்றினால் வீட்டுக்கே ஆபத்து. உங்கள் கண்ணாடியில் பார்க்கும் கறுப்பு புகைபோக்கியிலும் படிந்திருக்கும் என்பதால், அடுத்த முறை அடுப்பை மூட்டுவதற்கு முன் அதைத் துப்புரவாக்கச் சொல்லுங்கள். வீட்டில் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்றும் பாருங்கள். விறகு எரிக்கும் வீட்டில் அது ஒன்ராறியோவில் சட்டப்படியும் கட்டாயம்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கோர்டு என்பது நான்கடி உயரம், நான்கடி அகலம், எட்டடி நீளமாக அடுக்கிய 128 கன அடி. ‘ஃபேஸ் கோர்டு’ என்பது ஒரே வரிசை. துண்டின் நீளம் 16 அங்குலமானால் அது முழு கோர்டின் மூன்றிலொரு பங்குதான். நீங்கள் வாங்கிய மூன்றும் சேர்ந்து ஒரு கோர்டு. துண்டுகள் 12 அங்குலமாக இருந்தால் அதுவும் இல்லை. விலையை எப்போதும் முழு கோர்டுக்கு மாற்றிப் பார்த்த பிறகே பேசுங்கள்.

கேள்வி (லின்ட்சே, இன்னொருவர்): வீடு வாங்கும்போது காப்புறுதி நிறுவனம் அடுப்புக்கு ‘வெட்’ (WETT, விறகு அடுப்புகளைப் பரிசோதிப்போருக்கான பயிற்சித் திட்டம்) சான்று கேட்கிறது. கட்டாயமா?

பதில்: சட்டம் கேட்பதில்லை, ஆனால் காப்புறுதி நிறுவனங்கள் கேட்கும், கேட்பதும் நியாயம். அந்தப் பயிற்சி பெற்றவர் அடுப்புக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி, தரைக் காப்பு, புகைபோக்கி ஆகியவற்றைப் பார்த்து எழுதித் தருவார். வீட்டை வாங்கும் முன்னரே செய்வித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பான்குறொவ்ற்): மே மாதக் காற்றில் பெரிய ஓக் மரம் ஒன்று விழுந்தது. உடனே வெட்டிப் பிளந்தால் இந்தக் குளிருக்கு ஆகுமா?

பதில்: ஆகாது. ஓக் நீரை மிக மெதுவாகவே விடும். பிளந்து அடுக்கிய பிறகு இரண்டு கோடைகளாவது அதற்கு வேண்டும். இந்தக் குளிருக்குப் பட்டுப்போன ஆஷ் அல்லது சென்ற ஆண்டு பிளந்த மேப்பிள் கிடைத்தால் வாங்குங்கள். பாப்லர் விரைவில் காயும், ஆனால் அதே அளவு அடுக்கில் ஓக் தரும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. குளிர் குறைந்த மாதங்களுக்கு அது போதும்.

ஓக்கை இப்போதே 16 அங்குலத் துண்டுகளாக்கிவிடுங்கள். மரம் நிலத்தில் கிடப்பதால் ஒவ்வொரு துண்டையும் முக்கால் பங்கு மட்டும் வெட்டி, பிறகு மரத்தை உருட்டி மிச்சத்தை மேலிருந்து வெட்டுங்கள். சங்கிலி ஒரு நொடி மண்ணைத் தொட்டாலும் முதல் பதிலில் சொன்ன வேலை முழுவதையும் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். கையளவு பருமனாகப் பிளந்து, பலகைத் தட்டுகளின் மேல், வெயிலும் காற்றும் படும் இடத்தில் ஒற்றை வரிசையாக அடுக்குங்கள். மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்களையும் தார்ப்பாயால் மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பிளந்த மாதத்தையும் ஆண்டையும் ஒரு துண்டில் எழுதி வரிசையின் முகப்பில் வைத்துவிடுங்கள்.