கேள்வி நேரம்: கடைசி இன்னிங்ஸ்காரர்

கேள்வி: பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸில் கடைசி ஒன்றுக்கு மட்டும் வந்து பந்து வீசுகிற க்ளோசர்களைப் போய் ஏன் இப்படித் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்? மரியானோ ரிவேரா அப்படி என்னதான் செய்தார்?

பதில்: ரிவேராவைக் கொண்டாடலாம், தப்பில்லை. எல்லா க்ளோசரையும் கொண்டாட வேண்டியதில்லை என்பது என் கட்சி. பனாமாவில் ஒரு மீனவ கிராமத்தில் வளர்ந்து, அப்பாவின் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவர் ரிவேரா. 1990-ல் நியூயார்க் யாங்கீஸ் அணி அவரை எடுத்தபோது கொடுத்த தொகை சில ஆயிரம் டாலர்தான். 1995-ல் மேஜர் லீகுக்கு (அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்) வந்தது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சராக, அதாவது பந்து வீசுபவராக, அது சரிப்பட்டு வராமல்தான் ரிலீஃபுக்கு, அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து வீசும் வேலைக்கு மாற்றினார்கள். (ரிலீஃப் பிட்ச்சர்கள் நிறையப் பேர் இப்படி வேறு வேலையிலிருந்து ஒதுங்கி வந்தவர்கள்தான், 601 சேவ், அதாவது அணியின் முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடித்ததற்கான கணக்கு, எடுத்த ட்ரெவர் ஹாஃப்மன் முதலில் பிட்ச்சரே இல்லை, ஷார்ட்ஸ்டாப் என்ற இடத்தில் நிற்கும் ஃபீல்டர்!)

1997-ல் சக வீரர் ராமிரோ மெண்டோசாவோடு சும்மா பந்து போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தபோது, ரிவேராவின் பந்து கடைசி நொடியில் தானாக ஒதுங்க ஆரம்பித்தது. நேராக்கப் பார்த்தார்கள், முடியவில்லை, அப்புறம் அதுவே பிழைப்பாகிவிட்டது. அதுதான் கட்டர். இடக்கை பேட்டருக்கு அது உடம்பை நோக்கி உள்ளே வந்து மட்டையின் கைப்பிடிப் பக்கம் படும், மட்டை முறியும். இதைத்தான் போடப்போகிறார் என்று தெரிந்தும் அடிக்க முடியாது. 2013-ல், அவர் ஓய்வு பெற்ற வருஷம், மினசோட்டா ட்வின்ஸ் அணி உடைந்த மட்டைகளாலேயே ஒரு ஆடும் நாற்காலி செய்து பரிசாகக் கொடுத்தது.

கேள்வி: ரிவேராவின் 652 சேவ் என்பது சாதனைதானே?

பதில்: சாதனைதான், ஆனால் சேவ் என்ற கணக்கே கொஞ்சம் தாராளமானது. மூன்று ரன் முன்னிலையோடு வந்து, கடைசி இன்னிங்ஸில் இரண்டு ரன் கொடுத்து ஜெயித்தாலும் ஒரு சேவ் கிடைத்துவிடும். 1974-ல் மைக் மார்ஷல் 106 ஆட்டங்களில் 208 இன்னிங்ஸ் ரிலீஃப் வீசினாரே, அந்த உழைப்பு இதில் தெரியாது. ரிவேராவைப் பொறுத்தவரை நான் பார்ப்பது போஸ்ட் சீசனில், அதாவது வழக்கமான சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்களில், அவருடைய ஈஆர்ஏ: 0.70. அதாவது சராசரியாக ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை, அதுவும் சிறந்த அணிகளுக்கு எதிராக!

கேள்வி: அவர் சொதப்பியதே இல்லையா?

பதில்: ஏன் இல்லை? 2001 வேர்ல்டு சீரிஸ் (கோப்பைக்கான இறுதித் தொடர்), ஏழாவது ஆட்டம், அரிசோனாவுக்கு எதிராக 2-1 முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ். பேட்டர் மட்டையை வீசாமல் மெல்லத் தட்டிவிட்ட ஒரு பன்ட் பந்தை எடுத்து இரண்டாவது பேஸுக்குத் தானே தப்பாக எறிந்தார், அப்புறம் ஸ்கோர் சமமானது, கடைசியில் அரிசோனாவின் பேட்டர் லூயிஸ் கொன்சாலஸ். இந்த முறையும் கட்டர் கைப்பிடிப் பக்கம்தான் பட்டது, ஆனால் ஃபீல்டர்கள் முன்னால் வந்து நின்றிருந்ததால் பந்து அவர்கள் தலைக்கு மேல் சொத்தென்று போய் விழுந்தது, கோப்பை போய்விட்டது. 2004-ல் பாஸ்டன் அணிக்கு எதிராகவும் இதே மாதிரி கையிலிருந்த முன்னிலை நழுவியது. இத்தனைக்குப் பிறகும் 2019-ல் பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு வாக்களித்த 425 பேரும் அவர் பெயரை எழுதினார்கள், அதற்கு முன் யாருக்கும் முழு வாக்கு விழுந்ததில்லை.

கேள்வி: ரிவேரா சட்டையில் போட்டிருந்த 42-ம் எண்ணை இப்போது யாரும் போடுவதில்லையே?

பதில்: மேஜர் லீகில் கறுப்பின வீரர்களுக்கு இருந்த தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனுக்கு மரியாதையாக 1997-ல் எல்லா அணிகளும் அந்த எண்ணை ஒதுக்கிவிட்டன. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தவர்கள் மட்டும் தொடரலாம் என்றார்கள், அவர்களில் கடைசி ஆள் ரிவேரா.