ஃபிலமென்ட் டிசி சப்ளை: டிரான்ஸ்பார்மர் சூடு, 6.3 வோல்ட் வராதது

டிரான்ஸ்பார்மரின் 6.3 வோல்ட் 1.5 ஆம்பியர் வைண்டிங்கில் பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் நாலு டையோடு), 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், எல்எம்317 (வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர்) போட்டு நாலு 12ஏஎக்ஸ்7 வால்வுகளின் ஃபிலமென்ட்டுக்கு (உள்ளே சூடாகும் இழை) கொடுத்திருக்கிறீர்கள்; 5 வோல்ட்தான் வருகிறது, டிரான்ஸ்பார்மர் கொதிக்கிறது என்கிறீர்கள். ரெகுலேட்டரை மாற்றிப் பயனில்லை.

நாலு வால்வுக்கு 6.3 வோல்ட்டில் 1.2 ஆம்பியர் டிசி. கெப்பாசிட்டர் ஏசி அலையின் உச்சத்தில் மட்டுமே சார்ஜ் ஆவதால் வைண்டிங்கில் ஓடும் ஆர்எம்எஸ் கரண்ட் (சூடாக்கும் அளவில் கணக்கிட்ட கரண்ட்) அதைப்போல சுமார் 1.8 மடங்கு, அதாவது 2 ஆம்பியருக்கு மேல். அதே கணக்கில் உங்கள் 1.5 ஆம்பியர் வைண்டிங் 0.8 ஆம்பியர் டிசிதான் தாங்கும். வோல்டேஜும் போதாது: உச்சம் 8.9, டையோடுகளில் கிட்டத்தட்ட 2 போய்விடும், ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) இன்னொரு 2. மிச்சம் 5. எல்எம்317-க்கு அவுட்புட்டைவிட 2 வோல்ட்டாவது கூடுதலாக வேண்டும்.

ஃபிலமென்ட்டை 12.6 வோல்ட்டுக்கு மாற்றுங்கள்: ஒவ்வொரு வால்விலும் 4, 5 கால்களுக்கு சப்ளை, 9-ல் எதையும் இணைக்காதீர்கள். மொத்தம் 0.6 ஆம்பியர்தான். தனியாக 15 வோல்ட் 1.5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர், அதே 4700 மைக்ரோஃபாரட் (35 வோல்ட் தாங்குவது), எல்எம்317-இன் அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே 220 ஓம் ரெசிஸ்டர், அட்ஜஸ்ட்டிலிருந்து நெகட்டிவுக்கு 2 கிலோ ஓம். 12.7 வரும், பரவாயில்லை. 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வாங்கிவிடாதீர்கள், ரிப்பிளின் அடிமட்டத்தில் ரெகுலேஷன் விட்டுப்போய் ஹம் (ஸ்பீக்கரில் கேட்கும் ரீங்காரம்) திரும்பும்.

ரெகுலேட்டரில் 3 முதல் 4 வாட் சூடு. ஹீட்சிங்க், நடுவே கரண்டைத் தடுக்கும் மைக்கா ஷீட் இரண்டும் வேண்டும்; ரெகுலேட்டரின் உலோகப் பகுதி அவுட்புட்டோடு இணைந்தது.

டிசி நெகட்டிவை ஒரே இடத்தில் கிரவுண்டு செய்யுங்கள். பழைய வைண்டிங்கின் சென்டர் டேப் (நடுவிலிருந்து எடுத்த வயர்) கிரவுண்டில் இருந்தால் அதில் பிரிட்ஜ் போட்டு நெகட்டிவையும் கிரவுண்டு செய்யக்கூடாது. டையோடு வழியே பாதி வைண்டிங் ஷார்ட் ஆகிவிடும்.