பாடக்குறிப்பை இணையத்தில் இலவசமாகப் போட்டால் யாராவது எடுத்து விற்றுவிட மாட்டார்களா?

விற்பார்கள். என் குறிப்பையே விற்றிருக்கிறார்கள். அப்படியும் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கேள்வியில் தெரியும் பயத்தைப் பார்த்தால் நீங்கள் கௌரவ விரிவுரையாளர் என்று நினைக்கிறேன். அடுத்த வருடம் ஆர்டர் வருமா வராதா என்று தெரியாத வேலையில், கையில் இருக்கும் நோட்ஸ்தான் சொத்து என்று தோன்றும். நானும் அந்த வேலையில் பல வருடம் இருந்தவள்தான்.

நான் எடுப்பது பி.எஸ்சி. இயற்பியல், தமிழ் வழி. பார்வை நூல் என்று பாடத்திட்டத்தில் போட்டிருப்பதெல்லாம் ஆங்கிலம். பிள்ளைகள் வாங்குவதோ கைடு. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற இலவசப் பாடநூல் அமைப்பு 2012-ல் வெளியிட்ட 'காலேஜ் பிசிக்ஸ்' புத்தகத்தைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொண்டேன். இலவசம் என்பது மட்டும் காரணமில்லை. அது 'சிசி பை' உரிமத்தில் இருக்கிறது; கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமங்களில் ஒன்று. மூலத்தின் பெயரைப் போட்டுவிட்டால் மொழிபெயர்க்கலாம், வெட்டலாம், கணக்கையே மாற்றலாம். யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். யூடியூபில் பார்க்கக் கிடைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

அதில் உராய்வு பற்றி ஒரு கணக்கு: 62 கிலோ நிறையுள்ள ஒருவர் 25 டிகிரி பனிச்சரிவில் சறுக்குகிறார், உராய்வு விசை 45 நியூட்டன், உராய்வுக் கெழு என்ன? விடை 0.082. எங்கள் பிள்ளைகள் பனியை சினிமாவில் பார்த்ததோடு சரி. அதனால் லாரியிலிருந்து பலகை போட்டு இறக்கும் நெல் மூட்டையாக அதை மாற்றினேன். ஒரு மாணவன், அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவர், எழுந்து சொன்னான்: "சணல் சாக்குன்னா பாதியில நின்னுடும் மேம். பிளாஸ்டிக் சாக்குதான் சர்ருன்னு வரும்." அடுத்த லேப் வகுப்பில் ஒரே எடைக்கு மணல் நிரப்பிய இரண்டு சாக்குகளைப் பலகையில் வைத்து, ஒரு முனையை மெல்லத் தூக்கிக்கொண்டே போய், சாக்கு நகரத் தொடங்கும் கோணத்தை அளந்தோம். அந்தக் கோணத்தின் டேன் மதிப்புதான் நிலை உராய்வுக் கெழு. சணலுக்குக் கோணம் தெளிவாகவே கூடுதலாக வந்தது. அந்த அட்டவணையும், ஒரு மாணவி வரைந்த படமும் இப்போது குறிப்பில் இருக்கின்றன. உரிமை பூட்டிய புத்தகத்தை இப்படி மாற்றி ஊருக்கெல்லாம் கொடுக்க முடியாது.

வகுப்புக்கு ஜெராக்ஸ் எடுப்பது குற்றமில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றமே 2016-ல் சொல்லிவிட்டதே, பிறகு எதற்கு இதெல்லாம் என்று சிலர் கேட்பார்கள். அந்தத் தீர்ப்பு வகுப்பில் நடத்தும் பாடத்துக்காக நகலெடுப்பதைப் பற்றியது. அடுத்தவர் புத்தகத்தை இணையத்தில் ஏற்ற அதைக் காட்ட முடியாது.

இனி திருட்டுக்கு வருகிறேன். என் குறிப்பை சிசி பை-எஸ்ஏ உரிமத்தில் போட்டேன். பெயர் சொல்ல வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். கைடு போடும் ஒருவர் அந்த அத்தியாயத்தை அப்படியே அச்சடித்தார். என் பெயரும் இல்லை, ஓப்பன்ஸ்டாக்ஸ் பெயரும் இல்லை. ஆனால் மாணவி வரைந்த சாக்குப் படம் மட்டும் கோணல் மாறாமல் இருந்தது. கடிதம் எழுதினேன், பதில் இல்லை. இன்றும் கோபம்தான். ஆனால் பீரோவில் பூட்டி வைத்திருந்தாலும் ஏதாவது ஒரு மாணவரின் நகல் வழியாக அது அவர் கைக்குப் போயிருக்கும். இணையத்தில் தேதியோடு இருப்பதால்தான் அது எங்களுடையது என்று யாருக்கும் காட்ட முடிகிறது.

வணிகத்துக்குக் கூடாது என்று என்சி போட்டிருக்கலாமே என்பார்கள். போடுபவர்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் மாணவர்கள் போனில் படித்துப் பரீட்சை எழுத மாட்டார்கள், அச்சடித்த தாள் வேண்டும். பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, கூலியோடு விற்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் எதற்கும் பயப்படக் கூடாது என்பதற்காகத்தான் நான் என்சி போடவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறையில் மின்பாடம் தயாரிப்பதற்கு மதிப்பெண் உண்டு. ஆனால் எங்கள் பதவி உயர்வுக் கோப்பைப் பார்த்த குழு என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஐஎஸ்பிஎன் இருக்கா?" அதாவது, புத்தகங்களுக்குத் தரும் பதிவு எண். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் பதிப்பகத்தின் புத்தகத்தில் வந்த நாலு பக்கத்துக்கு மரியாதை, பிள்ளைகள் தினம் பிரித்துப் படிப்பதற்கு ஒன்றுமில்லை. இப்படி இருந்தால் எந்த ஆசிரியர் பகிர்வார்?

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக எழுதியது வேலை கொடுத்தவருக்கே சொந்தம் என்று வாதாட இடமிருக்கிறது. பிறகு ஒரே ஒரு யூனிட்டைப் போடுங்கள். உங்கள் பாடம் வேதியியல் என்றால் லிப்ரெடெக்ஸ்ட்ஸ் என்ற இலவசப் பாடநூல் தளத்தைப் பாருங்கள். அங்கே பக்கத்துக்குப் பக்கம் உரிமம் மாறும், கவனித்து எடுங்கள். பிடிஎஃப் மட்டும் போடாமல் வேர்டு கோப்பையும் யூனிகோடில் சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஊர் ஆசிரியர் உங்கள் கணக்கை மாற்ற நினைத்தாலும் முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.