மியூனிக் பயணம்: எதற்கு எப்போது பணம் கட்டலாம்?

கேள்வி: மே கடைசியில் எட்டு நாள் மியூனிக் போக இருக்கிறோம். நான், கணவர், 13 மற்றும் 9 வயதில் இரண்டு பிள்ளைகள். விமானம், ஹோட்டல் இரண்டுக்கும் இப்போதே முழுப் பணம் கட்டினால் நல்ல தள்ளுபடி தருகிறேன் என்கிறார் ஏஜென்ட். ஆனால் ரத்து செய்தால் பணம் திரும்ப வராதாம். "பணம் கட்டிய ரசீதைக் காட்டினால்தான் வீசா கிடைக்கும்" என்றும் சொல்கிறார். கட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் அசையாதீர்கள்.

ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் வீசாவுக்கு உங்களிடம் கேட்பது, எங்கே தங்கப் போகிறீர்கள், எப்படிப் போய் வரப் போகிறீர்கள் என்பதற்கான முன்பதிவுச் சான்று. திரும்பி வராத பணமாகக் கட்டியிருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. வீசா கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. உங்கள் மூத்த பிள்ளைக்கு 13 ஆகிவிட்டதால் முழுக் கட்டணம். ஆக நால்வருக்கும் 315 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். வீசா மறுக்கப்பட்டால் இது திரும்ப வராது. முன்பெல்லாம் ஜெர்மனி மறுத்தால் 'மறுபரிசீலனை செய்யுங்கள்' என்று தூதரகத்துக்கே எழுதிக் கேட்க வழி இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் அந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இந்த நிலையில் விமானத்துக்கும் ஹோட்டலுக்கும் கட்டிய லட்சங்களும் சேர்ந்து போனால் ஒரு குடும்பம் என்ன செய்யும்?

தள்ளுபடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இலவசமாக ரத்து செய்யும் வசதியுள்ள அறையை இன்றே பதிவு செய்யுங்கள். மே கடைசியில் பெந்தெகொஸ்தே திருநாளையொட்டி பவேரியாவில் பள்ளிகளுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் விடுமுறை. தாமதித்தால் அறை வாடகை ஏறும். ரத்து செய்வதற்கான கடைசித் தேதி, பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு வரை இருக்கும் அறையாகப் பாருங்கள். வீசா முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால், பள்ளித் தேர்வெல்லாம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. கட்டாயம் எடுக்க வேண்டிய பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். வீசா மறுக்கப்பட்டால் பிரீமியத்தைத் திருப்பித் தரும் பாலிசியா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் வாயால் சொல்லும் எதையும் அப்படியே எழுத்தில் வாங்குவது நல்லது.

கேள்வி: மியூனிக்கிலிருந்து நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு ஒரு நாள், சால்ஸ்பர்க்குக்கு ஒரு நாள் போய் வர ஆசை. நாங்களும் நால்வர், பிள்ளைகள் இருவரும் 15 வயதுக்குள். ஐந்து நாள் ரயில் பாஸ் வாங்கச் சொல்கிறார்கள். பெரியவர்கள் இருவருக்கும் மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல் ஆகிறது. தேவையா?

பதில்: இந்த இரண்டு ஊருக்காகத்தான் என்றால் தேவையே இல்லை. உங்களுக்குப் பொருத்தமானது 'பயர்ன் டிக்கெட்', அதாவது பவேரியா மாநில ஒருநாள் சீட்டு. இரண்டு பெரியவர்களுக்குச் சேர்த்து 50 யூரோவுக்குள் முடிந்துவிடும். கூட வரும் சொந்தப் பிள்ளைகள் 14 வயது வரை எத்தனை பேரானாலும் இலவசம். மியூனிக் நகரத்துக்குள் ஓடும் மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் அதே சீட்டு செல்லும். சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவில் இருந்தாலும் அந்த ஊர் ரயில் நிலையம் வரைக்கும் செல்லும்.

நிபந்தனைகளை மட்டும் மனதில் வையுங்கள். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் அது செல்லும். சனி, ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. சீட்டில் பயணிகளின் பெயர் இருக்க வேண்டும். இயந்திரத்தில் வாங்கினால் பெயர் எழுத ஒரு கோடு விட்டிருப்பார்கள், ஏறுவதற்கு முன் பேனாவால் எழுதிவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், இது உள்ளூர் ரயில்களுக்கான சீட்டு. மியூனிக் நிலையத்தில் சால்ஸ்பர்க் என்று பலகையில் பார்த்ததும் பலர் முதலில் நிற்கும் ரயிலில் ஏறிவிடுகிறார்கள். ரயில் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தைப் பாருங்கள். ஆர்.இ., ஆர்.பி. என்றிருந்தால் ஏறலாம். ஐ.சி.இ., இ.சி., ஆர்.ஜே. என்று தொடங்கினால் அது விரைவு ரயில், உங்கள் சீட்டு அதில் செல்லாது. சீட்டில்லாப் பயணத்துக்கு அபராதம் 60 யூரோ. உள்ளூர் ரயிலில் சால்ஸ்பர்க் போக ஒன்றேமுக்கால் மணி நேரம்தான், விரைவு ரயிலைவிட கால் மணி கூட. அந்தக் கால் மணிக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டுமா? பாஸ்போர்ட்டைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். திரும்பி வரும்போது எல்லையில் ஜெர்மன் போலீசார் ரயிலில் ஏறிச் சோதிப்பது உண்டு.

இனி கோட்டை. பவேரியாவை ஆண்ட இரண்டாம் லுட்விக் மன்னர் 1869-இல் கட்டத் தொடங்கியது. உள்ளே வழிகாட்டியோடுதான் போக முடியும், சீட்டில் நேரம் அச்சாகியிருக்கும், அந்த நேரம் தவறினால் சீட்டும் போச்சு. இங்கேதான் ரயில் சீட்டையும் கோட்டைச் சீட்டையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். வார நாளில் 9 மணிக்கு மேல் கிளம்பினால், கோட்டைக்குப் பக்கத்து ஊரான ஃபூஸ்ஸன் வரை இரண்டு மணி நேர ரயில், அங்கிருந்து பஸ், பிறகு அரை மணிக்கு மேல் மலையேற்ற நடை. காலை 11 மணிக்கு உள்ளே போகும் கோட்டைச் சீட்டு எடுத்தவர்கள் நிச்சயம் தவறவிடுவார்கள். மதியம் 2 மணிக்கான சீட்டை எடுங்கள், இல்லையென்றால் சனி, ஞாயிறில் போங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உள்ளே போகக் கட்டணமில்லை. ஆனால் அவர்களுக்கும் சீட்டு பதிவு செய்யத்தான் வேண்டும்.

ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ்களில் செல்லும் மாதச் சீட்டான 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' மலிவு என்று சிலர் சொல்வார்கள். 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. தனியாகப் போகிறவர்களுக்கு அருமையான சீட்டு. உங்களுக்கு ஒத்துவராது, ஏனென்றால் 6 வயதுக்கு மேல் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். அது சந்தா வேறு. 10-ஆம் தேதிக்குள் நிறுத்தாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். காலண்டர் மாதக் கணக்கு என்பதால் மே 28 முதல் ஜூன் 4 வரை இருந்தால் இரண்டு மாதப் பணம்.

பெர்லின் போன்ற தூரத்து ஊருக்கும் போவதாக இருந்தால் அப்போது விரைவு ரயில்தான். 'சூப்பர் ஷ்பார்ப்ரைஸ்' என்ற மலிவுச் சீட்டை முன்கூட்டியே எடுங்கள், ஆனால் வீசா வந்த பிறகு. அதை ரத்து செய்தால் பணம் வராது. முன்பதிவில் பிள்ளைகளைச் சேர்க்க மறக்காதீர்கள். 14 வயது வரை இலவசம், ஆனால் சீட்டில் அவர்களையும் சேர்த்திருந்தால்தான்.

கேள்வி: போன மாதம் ஜெர்மனியில் சூப்பர் மார்க்கெட்டில் தண்ணீர் பாட்டில் வாங்கினேன். அலமாரியில் போட்டிருந்த விலையைவிட பில்லில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 25 சென்ட் கூடுதல். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. அது 'ஃபாண்ட்', பாட்டிலுக்கான வைப்புத் தொகை. விலைச் சீட்டில் சிறிய எழுத்தில் அதுவும் இருந்திருக்கும். கடை வாசல் பக்கம் சுவரில் வட்டத் துளையோடு ஓர் இயந்திரம் இருக்கும். காலி பாட்டிலை நசுக்காமல், பார்கோடு தெரிய உள்ளே விட்டால் உறிஞ்சிக்கொண்டு ஒரு சீட்டைத் துப்பும். அதைக் கல்லாவில் கொடுத்தால் பணம் கழியும். எட்டு நாளில் நால்வர் குடித்தால் பத்து யூரோ சாதாரணமாகச் சேரும். குழாய்த் தண்ணீரே நன்றாக இருக்கும், அதைக் குடிப்பது இன்னும் மலிவு. சனிக்கிழமையே சாமான் வாங்கி வைத்துவிடுங்கள், ஞாயிறன்று அங்கே கடைகள் பூட்டியிருக்கும்.

கேள்வி: கார்டு தேய்க்கும்போது ரூபாயா, யூரோவா என்று இயந்திரம் கேட்கிறது. எது லாபம்?

பதில்: எப்போதும் யூரோ. ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தைக் கடைப் பக்கத்தில்தான் முடிவு செய்வார்கள், அது உங்கள் வங்கியின் விகிதத்தைவிட மோசமாகவே இருக்கும். ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான்.

கேள்வி: சென்னை விமானம் ஐந்து மணி நேரம் தாமதமானால் நஷ்டஈடு உண்டா?

பதில்: எந்த விமானம், எந்தத் திசை என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய நிறுவனத்தின் விமானம் என்றால் போகும்போதும் வரும்போதும் ஐரோப்பிய விதி பொருந்தும். வளைகுடா நிறுவனம் என்றால் ஐரோப்பாவிலிருந்து திரும்பும்போது மட்டும். சேர வேண்டிய இடத்தை நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்தால், இந்தத் தூரத்துக்கு ஆளுக்கு 600 யூரோ, இருக்கையில் உட்கார்ந்து வரும் பிள்ளைகளுக்கும் சேர்த்து. புயல் போன்ற காரணம் என்றால் நஷ்டஈடு இல்லை, ஆனாலும் சாப்பாடும் தேவைப்பட்டால் தங்குமிடமும் தந்தாக வேண்டும். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள். வாங்கித் தருகிறோம் என்று வரும் இடைத்தரகர்கள் அதில் பெரிய பங்கை எடுத்துக்கொள்வார்கள்.